இரண்டு வலிப்பு மருந்து சேர்ந்த பிறகு வரும் தள்ளாட்டம்: பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா?

ராகலைத் தம்பியின் கேள்வி
2023 மே 9

தங்கச்சிக்கு 24 வயது. சின்ன வயதிலிருந்தே வலிப்பு. கார்பமாசெபின் மட்டும் போட்டுக்கொண்டிருந்தாள். அப்படியும் மாதத்தில் ஓரிரு தடவை வந்ததால் கிளினிக்கில் லாமோட்ரிஜினையும் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். இப்போது வலிப்பு வரவில்லை. ஆனால் காலையில் கொழுந்து எடுக்க மலைக்குப் போய்க் கொஞ்ச நேரத்தில் எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறதாம். குடித்தவர் மாதிரித் தள்ளாடுகிறாள். போன கிழமை கானுக்குள் விழுந்து முழங்கால் கிழிந்தது. கொழுந்து குறைவு என்று அரைப்பேர்தான், அரைநாள் சம்பளம்தான் போட்டார்கள். அம்மா, "வலிப்பு நின்றதே பெரிய விஷயம், பொறுத்துக்கொள்" என்கிறார். மாமா, "இரண்டில் ஒன்றை நிறுத்து" என்கிறார். எதை நிறுத்துவது?

2023 மே 9, இரவு, என் பதில்

எதையும் நிறுத்த வேண்டாம் தம்பி. மாமாவிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். வலிப்பு மருந்தைச் சட்டென்று விட்டால், மாதத்தில் ஒன்றாக வந்தது ஒன்று ஓயுமுன் அடுத்ததாக வரக்கூடும். ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்காத வலிப்பு உயிருக்கே ஆபத்து.

அம்மா சொல்வதையும் நான் ஏற்க மாட்டேன். வலிப்பு நின்றது பெரிய விஷயம்தான். அதற்காக ஒரு பிள்ளை சரிவில் தள்ளாடிக்கொண்டே கொழுந்து எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? நோய்க்கு வைத்தியம் பார்க்கிற டொக்டர், மருந்து தரும் தொல்லைக்கும் வைத்தியம் பார்க்க வேண்டியவர்தான். நாம் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்.

கார்பமாசெபினும் லாமோட்ரிஜினும் சேரும்போது இரட்டைப் பார்வை, தலைசுற்று, தள்ளாட்டம் வருவது நரம்பியல் டொக்டர்மாருக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். இரண்டும் நரம்பணுக்களுக்குள் சோடியம் போகும் வழியை அடக்குகிற மருந்துகள். இரத்தத்தில் தனித்தனியே அளந்தால் இரண்டும் சரியான அளவில் இருக்கலாம். சேர்ந்த பாரத்தைத்தான் உடம்பு தாங்காது.

எத்தனை மணிக்குக் குளிசை போடுகிறாள், எத்தனை மணிக்குச் சுற்றத் தொடங்குகிறது, எப்போது தெளிகிறது? அதை எழுதுங்கள்.

2023 மே 11

ஆறு மணிக்குப் போடுகிறாளாம். எட்டரை, ஒன்பதுக்குத் தொடங்கி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் தெளிந்துவிடுகிறதாம். அப்படியானால் பெரும்பாலும் குளிசைதான் காரணம். மருந்து இரத்தத்தில் உச்சத்துக்கு ஏறும் நேரத்தில் தலை சுற்றி, அது இறங்கும்போது தெளிகிறது. நோய் கூடுவது இப்படி மணி பார்த்து வந்து போகாது.

நானும் இதே சோடியில் இருந்தவள். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அந்தக் காலத்தில் இரண்டாம் பாடம் தொடங்கும்போது கரும்பலகையில் எழுதிய ஒரு வரி இரண்டாகி, ஒன்றின் மேல் ஒன்று சரிந்து நிற்கும். ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிவிடும். இதைக் கவனித்துச் சொன்ன பிறகுதான் டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அதுவரை "தலை சுற்றுது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரஷர் பார்த்தார்கள், இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்துக் குளிசை தந்தார்கள். தலைசுற்று என்பது ஆயிரம் காரணத்துக்கு வரும். "குளிசை போட்டு இரண்டு மணித்தியாலத்தில் இரண்டாகத் தெரியுது, ஒரு கண்ணை மூடினால் சரியாகுது" என்பது அப்படியில்லை, அதற்கு விடை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள். திகதி, குளிசை போட்ட மணி, சுற்றிய மணி, விழுந்தாளா இல்லையா, இவ்வளவு போதும். கிளினிக் நாளில் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த இரண்டு நிமிடத்தில் வாயால் சொல்லப் போனால் பாதி மறந்துவிடும். டொக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால், "பெஹெத் பிவ்வட்ட பஸ்ஸே ஒளுவ கெரகெனவா, தெகக் பேனவா" என்று சொல்லட்டும். மருந்து போட்ட பிறகு தலை சுற்றுகிறது, இரண்டாகத் தெரிகிறது என்று அவருக்கு விளங்கிவிடும்.

டொக்டர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மெதுவாகக் கரையும் வகைக் கார்பமாசெபினுக்கு மாற்றலாம். அதே அளவை மூன்றாகப் பிரிக்கலாம், இரவு வேளையில் கூட்டிக் காலையில் குறைக்கலாம். லாமோட்ரிஜின் பிடித்துக்கொண்டது என்றால் கார்பமாசெபினை மெல்ல இறக்கலாம். இதில் எது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதுவரை மேட்டு மலைக்கு அனுப்பாமல், தட்டையான இடத்தில் வேலை தரச் சொல்லிக் கங்காணியிடம் கேளுங்கள். வெட்கப்படாமல் காரணத்தையும் சொல்லுங்கள்.

2023 மே 14

மருந்து கூடிப்போனால் உடம்பில் "ஹீற்" (சூடு) ஏறும், அதுதான் இரண்டு மருந்து ஒத்துக்கொள்வதில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என் அப்பாயியும் அதைத்தான் சொல்வார், இளநீர் குடி, வெந்தயம் ஊறவைத்துக் குடி என்பார். குடித்தேன், அவருடைய அன்புக்காக. ஆனால் நடப்பது வேறு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நாம் விழுங்கும் மருந்தைக் கழித்து வெளியே அனுப்புகிற வேலை பெரும்பாலும் ஈரலுக்கு. வல்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தும் லாமோட்ரிஜினும் ஒன்றாகப் போனால், வல்ப்ரோயேட் ஈரலின் கையைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டோரில் ஒரு லொறிக் கொழுந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது அடுத்த லொறி வாசலில் காத்துக் கிடப்பது போல லாமோட்ரிஜின் இரத்தத்திலேயே காத்துக் கிடக்கும். லாமோட்ரிஜின் தனியாக இருந்தால் அதன் அளவு பாதியாகக் குறைய ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். வல்ப்ரோயேட் கூட இருந்தால் இரண்டரை நாள் வரை இழுக்கும். கார்பமாசெபின் கூட இருந்தால் நேர்மாறு. அது ஈரலை முடுக்கிவிடும், அரை நாளைத் தாண்டியதும் பாதி போய்விடும்.

அதனால்தான் தொடங்கும் அளவே வேறு வேறாக இருக்கிறது. வல்ப்ரோயேட் போடுகிறவருக்கு லாமோட்ரிஜின் 25 மில்லிகிராம், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். வேறு மருந்து இல்லாதவருக்கு தினமும் 25. கார்பமாசெபின் போடுகிறவருக்கு தினமும் 50. ஒரே குளிசை, மூன்று பேருடைய உடம்பில் மூன்று விதம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் லயத்தில் குளிசை கைமாறுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். "உனக்கும் வலிப்பு, அவளுக்கும் வலிப்பு, உன் மருந்து முடிந்தால் அவளிடம் இரண்டு வாங்கிப் போடு." நல்ல மனதோடுதான் கொடுப்பார்கள். ஆனால் பக்கத்துக் காம்பராவில் இருக்கிறவளுக்கு 100 மில்லிகிராம் சரி என்பதால் உங்களுக்கும் சரியாகாது. அவள் வேறு எந்த மருந்தோடு அதைப் போடுகிறாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எதற்கு இரண்டாவது மருந்து, முதல் மருந்தைக் கூட்டினால் போதாதா என்றும் கேட்கிறார்கள். பலருக்குப் போதும். கிளாஸ்கோவில் செய்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், அதுவரை மருந்தே எடுக்காதவர்களில் 100க்கு 47 பேருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. மிச்சப் பேருக்கு மாற்றியும் சேர்த்தும் பார்க்க வேண்டியிருந்தது. அந்த மிச்சத்தில் நானும் ஒருத்தி, ராகலைத் தங்கச்சியும் ஒருத்தி. மருந்து சேர்ப்பது நோய் முற்றிவிட்டது என்ற தீர்ப்பு இல்லை.

2023 மே 15

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்து வாசியுங்கள். எதையும் நிறுத்த வேண்டாம் என்று முதல் நாள் சொன்னேன். லாமோட்ரிஜின் தொடங்கி முதல் இரண்டு மாதத்துக்குள் உடம்பில் சிவப்புத் தடிப்பு வந்தால், முக்கியமாக அதோடு காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, தோல் உரிவது ஏதாவது இருந்தால், அடுத்த கிளினிக் வரை இருக்கக் கூடாது. அடுத்த வேளைக் குளிசைக்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், குளிசை உறைகளையும் கையோடு கொண்டு போக வேண்டும். நிறுத்துவதா என்று அங்கேதான் முடிவெடுப்பார்கள். கார்பமாசெபினுக்கும் இது பொருந்தும். வல்ப்ரோயேட்டோடு லாமோட்ரிஜினை அவசரமாகக் கூட்டினால் இந்த ஆபத்து அதிகம். அளவைக் கிழமைக் கணக்கில் நிதானமாக ஏற்றுவது இதற்காகத்தான். "டொக்டர் பயந்து பயந்து தருகிறார்" என்று யாரும் குறை சொல்ல வேண்டாம்.

2023 ஜூன் 3

பதுளை அண்ணன் கை நடுக்கம் பற்றிக் கேட்டிருக்கிறார். வல்ப்ரோயேட், அதோடு லாமோட்ரிஜின். தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சிந்திவிடுகிறது, கலியாண வீட்டில் சாப்பிடவே கூச்சமாக இருக்கிறது என்கிறார்.

அது வல்ப்ரோயேட்டின் நடுக்கமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அளவு கூடக் கூட நடுக்கமும் கூடும். லாமோட்ரிஜின் சேர்ந்தால் சிலருக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். கையைச் சும்மா மடியில் வைத்திருந்தால் தெரியாது, நீட்டினால், எதையாவது பிடித்தால் வரும். நரம்புத் தளர்ச்சி என்று பயந்து சத்து மருந்து வாங்க ஓட வேண்டாம்.

எனக்கும் அந்தச் சோடி இருந்த காலம் ஒன்று உண்டு, கார்பமாசெபினுக்கு முந்தியது. ஆண்டு இரண்டு பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். சோக்கட்டியைப் பிடித்து 'ஞ' எழுதினால் அந்தச் சுழி நெளிந்து நெளிந்து போகும். ஒரு நாள் கொப்பிகளைத் திருத்தும்போது பார்த்தேன், முன்வரிசைப் பிள்ளைகள் எல்லாருடைய 'ஞ'வும் அதே நெளிவோடு இருந்தது. டீச்சர் எழுதுவதுதான் சரியான எழுத்து என்று அச்சு அசலாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கொப்பிகளை மேசையில் வைத்துவிட்டு அழுதேன். அடுத்த கிளினிக்கில் அந்தக் கொப்பி ஒன்றையே காட்டினேன். அளவைக் குறைத்தார்கள், நடுக்கம் முக்கால்வாசி போயிற்று. அண்ணே, உங்களிடம் ஒரு வெள்ளைத்தாள் இருக்குமே. அதில் ஒரு சுருள் கோடு போடுங்கள், உங்கள் கையொப்பத்தை வையுங்கள், டொக்டரிடம் கொடுங்கள். ஆயிரம் வார்த்தை சொல்ல வேண்டியதில்லை.

வல்ப்ரோயேட்டில் முடி கொட்டுவதும் உடம்பு வைப்பதும் உண்டு. எனக்கு இரண்டும் வந்தது. முடி பிறகு வந்துவிட்டது, சுருட்டையாக. இதுவும் பலருக்கு நடப்பதுதான்.

2023 ஜூன் 22

மழை தொடங்கிவிட்டது, இதை இப்போதே சொல்லிவிட வேண்டும். இந்தப் பக்கத்து ஈரத்துக்கும் மூடுபனிக்கும் குளிசைகள் தாங்காது.

வல்ப்ரோயேட் குளிசை காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். உறையிலிருந்து பிரித்துக் கடதாசிப் பைக்குள் போட்டு வைத்தால் நாலைந்து நாளில் ஒட்டும், மேல்பூச்சு பிசுபிசுக்கும். கார்பமாசெபின் இன்னும் மோசம். பார்க்க ஒன்றும் தெரியாது, ஆனால் ஈரம் பட்டால் குளிசை இறுகி, சரியாகக் கரையாமல் போய், வேலை செய்யும் அளவில் மூன்றில் ஒரு பங்கு வரை குறையலாம். மருந்தைத் தவறாமல் போட்டும் வலிப்பு வருகிறது என்று ஜூன், ஜூலையில் சொல்கிறவர்கள் குளிசை எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அது அடுப்பங்கரைத் தட்டில் இருக்கும், கேத்தல் ஆவி படுகிற இடத்தில். இல்லாவிட்டால் தகரத்தின் கீழே, சுவர் வியர்க்கும் மூலையில், சாமிப் படத்துக்குப் பின்னால்.

உறையோடு கிடைத்தால் பிரிக்காதீர்கள், போடும் நேரத்தில் ஒவ்வொன்றாக எடுங்கள். கடதாசிப் பையில் எண்ணித் தந்தால் இறுக்கமான மூடியுள்ள காய்ந்த போத்தலில் போட்டு, உடுப்புப் பெட்டிக்குள் வையுங்கள். இரண்டு மருந்தையும் ஒரே போத்தலில் போட வேண்டாம். மருந்துப் பையில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாத அம்மா வீட்டில் இருந்தால், காலைப் போத்தலுக்கு மஞ்சள் நூலும் இரவுப் போத்தலுக்குக் கறுப்பு நூலும் கட்டுங்கள். எங்கள் வீட்டில் இன்னும் அப்படித்தான்.

2023 ஜூலை 8

அவசரம். மகன் வல்ப்ரோயேட் போடுகிறான், இப்போது டோபிரமேட் சேர்த்திருக்கிறார்கள், நாலு நாளாகத் தூங்கிக்கொண்டே இருக்கிறான், சத்தி எடுக்கிறான், பேச்சு குழறுகிறது என்று எழுதிய ஐயா, இதை வாசித்ததும் புறப்படுங்கள். அந்த இரண்டும் சேர்ந்தால் சிலருக்கு இரத்தத்தில் அமோனியா என்ற கழிவு ஏறும். ஈரல் பரிசோதனை சரியாக இருந்தாலும் ஏறலாம். "அமோனியா பார்க்க வேண்டுமா" என்று நீங்களே கேளுங்கள். மருந்துக்குப் பழகும்வரை தூக்கம் வரும் என்று யார் சொன்னாலும், சத்தியும் குழறலும் பழக்கம் இல்லை.

2023 ஜூலை 10

கண்டியில் வைத்துப் பார்த்தார்களாம். அமோனியா கூடித்தான் இருந்தது. மருந்தை மாற்றியிருக்கிறார்கள், பையன் எழுந்து சோறு கேட்டானாம். நேற்று முழுக்க போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன் ஐயா.

2023 ஆகஸ்ட் 19

கோபம்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியதை வாசித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதவில்லை. கணவருக்கு லெவெட்டிராசெட்டம் என்ற வலிப்பு மருந்தைச் சேர்த்து ஒரு மாதம். அதட்டிப் பேசாத மனிதர், இப்போது சோற்றில் உப்பு குறைந்தால் கோப்பையை எறிகிறார், பிறகு உட்கார்ந்து அழுகிறார் என்று எழுதியிருந்தாள். குடிக்கத் தொடங்கிவிட்டாரோ என்று மாமியார் சந்தேகப்படுகிறாராம்.

எனக்கும் இப்போது அந்த மருந்துதான், லாமோட்ரிஜினோடு. தொடங்கிய மாதங்களில் என் மகள் வீட்டுப்பாடக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். என்னோடு உட்கார மாட்டாள். நான் கத்துவது எனக்கே கேட்கும், நிறுத்த முடியாது. கோபத்துக்குக் காரணம் எப்போதும் கையில் இருக்கும், சோறு, சத்தம், பஸ் பிந்தியது. அதனால் மருந்தின் மேல் சந்தேகமே வராது. இதுதான் இந்தப் பக்கவிளைவின் பொல்லாத குணம். தலைசுற்று வந்தால் உடம்புக்கு என்னவோ என்கிறோம், கோபம் வந்தால் ஆளே இப்படித்தான் என்கிறோம்.

லெவெட்டிராசெட்டத்தில் எரிச்சல், கோபம், மனம் இருண்டுபோவது எல்லாம் நன்கு தெரிந்த விளைவுகள். சிலருக்குப் பழகப் பழகக் குறையும், எனக்கு அளவைக் குறைத்ததில் அடங்கியது. சிலருக்கு மருந்தையே மாற்ற வேண்டி வரும். தங்கச்சி, கிளினிக்குக்கு நீயும் கூடப் போ. அவர் தானாகச் சொல்ல மாட்டார். "மருந்து தொடங்க முந்தி இப்படி இல்லை" என்ற அந்த ஒரு வசனத்தை நீ சொல்ல வேண்டும்.

செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று அவர் ஒரு தடவை சொன்னாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதே. வலிப்பு மருந்துகள் எல்லாவற்றுக்கும் இந்த எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2008இல் சொன்னது. 1926க்கு எந்த நேரமும் எடுக்கலாம், தேசிய மனநல உதவித் தொலைபேசி அது. நீயும் பேசலாம், உனக்கும் பாரம்தானே.

2023 ஆகஸ்ட் 27

ராகலைத் தம்பி திரும்ப வந்திருக்கிறார். மெதுவாகக் கரையும் கார்பமாசெபினுக்கு மாற்றி, காலை அளவைக் குறைத்து இரவில் கூட்டியிருக்கிறார்கள். இரட்டைப் பார்வை போய்விட்டது, நடை நேராகிவிட்டது. ஒரே குறை, இரவுக் குளிசைக்குப் பிறகு எழுந்தால் கொஞ்சம் ஆடுகிறதாம்.

அந்தக் குளிசையைக் கடித்தோ பொடித்தோ போடக் கூடாது என்று சொல்லுங்கள். மெல்லக் கரைய வேண்டியது ஒரேயடியாகக் கரைந்துவிடும், பழைய கதை திரும்ப வரும். இரவில் வெளியே கக்கூசுக்குப் போவதென்றால் தனியாகப் போக வேண்டாம். படி வழுக்கும்.

பீலியில் குளிப்பது பற்றியும் கேட்டிருக்கிறார். குளிக்கட்டும், ஆனால் குளிசை ஏறும் நேரத்தில் வேண்டாம், யாராவது கூட இருக்க வேண்டும். அடுப்புக்கும் அதேதான். வலிப்பு நின்றது என்று உறுதியாகும் வரை, கொதிக்கும் பானையை இறக்கும் வேலை வேறு யாருக்காவது.

2023 செப்டெம்பர் 17

பெண்பிள்ளைகள் தனியாகக் கேட்டவை. பொதுவாகவே எழுதுகிறேன், எல்லா வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும்.

வல்ப்ரோயேட் போட்டுக்கொண்டு கர்ப்பமானால் 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 10 பிள்ளைகளுக்குப் பிறவிக் குறை வருகிறது, முதுகெலும்பு, இருதயம், உதடு என்று. 30 முதல் 40 பேருக்கு பேச்சு, படிப்பு, நடத்தை வளர்ச்சியில் பின்னடைவு வரலாம். வேறு வலிப்பு மருந்துகளோடு சேர்த்துப் போடும்போதும் ஆபத்து குறைவதில்லை. ஆகவே கலியாணம் பேசத் தொடங்கும்போதே கிளினிக்கில் சொல்லுங்கள். மாற்றுவதற்கு மாதக்கணக்கு ஆகும். என்னுடைய வல்ப்ரோயேட்டை இறக்கி வேறு மருந்தை ஏற்றியது அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லலாமா கூடாதா என்று எங்கள் வீட்டில் பெரிய சண்டை. நான் சொல்லிவிட்டேன். அவர் வந்து பேசிய முதல் வார்த்தை, "எத்தனை மணிக்குக் குளிசை போடுவீங்க?" அந்த மனிதரைத்தான் கட்டினேன்.

வல்ப்ரோயேட்டில் இருக்கும்போதே கர்ப்பமாகிவிட்டால் பயத்தில் நீங்களாக நிறுத்த வேண்டாம். வலிப்பு தாயையும் பிள்ளையையும் சேர்த்துத்தான் அடிக்கும். உடனே டொக்டரிடம் போங்கள். போலிக் அமிலம் பற்றி மிட்வைஃப் மிஸ்ஸிடம் முன்கூட்டியே கேளுங்கள், வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கு வழக்கமாக 5 மில்லிகிராம் தருவார்கள்.

லாமோட்ரிஜின் கர்ப்பகாலத்தில் உடம்பிலிருந்து வேகமாகக் கழிந்துவிடும், அளவைக் கூட்ட வேண்டி வரும். பிள்ளை பிறந்ததும் அந்தக் கூட்டிய அளவு அதிகமாகிவிடும். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வரும் தலைசுற்றையும் இரட்டைப் பார்வையையும் "பச்சை உடம்பு" என்று விட்டுவிடுகிறார்கள். மருந்தை இறக்க வேண்டிய நேரமாக இருக்கலாம்.

குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வருவோம். கார்பமாசெபின் கருத்தடைக் குளிசையையும் கையில் வைக்கும் குச்சியையும் வலுவிழக்கச் செய்யும். மூன்று மாத ஊசிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. லாமோட்ரிஜினுக்கு வேறு கதை. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடைக் குளிசை லாமோட்ரிஜினின் அளவைப் பாதியாகக் கூடக் குறைத்துவிடும். என்ன வலிப்பு மருந்து போடுகிறீர்கள் என்று மிட்வைஃப் மிஸ் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

2023 ஒக்டோபர் 12

சின்னக் குறிப்பு. தொண்டை நோவுக்கு வெளியில் மருந்தெடுத்த பிறகு ராகலைத் தங்கச்சிக்கு இரண்டாகத் தெரிவது திரும்ப வந்துவிட்டதாம். தந்தது எரித்ரோமைசின். அது கார்பமாசெபினை உடம்பில் தேங்க வைக்கும், கிளாரித்ரோமைசினும் அப்படித்தான். வலிக்குத் தரும் ட்ரமடோல் வலிப்பையே தூண்டலாம். காய்ச்சல், பல்வலி, எதற்குப் போனாலும் கிளினிக் கொப்பி கையில் இருக்க வேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

2023 நவம்பர் 26

2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது என்ன செய்தீர்கள் என்று பொகவந்தலாவையிலிருந்து ஒருவர் கேட்கிறார்.

ஆஸ்பத்திரியில் இல்லை, வெளியே வாங்குங்கள் என்று துண்டு எழுதித் தந்தார்கள். அட்டனில் பாமசி பாமசியாக ஏறி இறங்கினோம், கண்டிக்குப் போகும் பஸ் சாரதியிடம் துண்டைக் கொடுத்துவிட்டோம். கிடைத்தபோது வேறு கம்பனி, வேறு நிறம். பெயரும் மில்லிகிராமும் ஒன்றாக இருந்தாலும் எனக்கு அந்த மாதம் தலை லேசாகச் சுற்றியது. கம்பனி மாறும்போது கொஞ்சப் பேருக்கு அப்படி ஆகும், மாறிய திகதியைக் குறித்து வையுங்கள். ஒரு கடையில் காலாவதியான குளிசையைக் கொடுத்து "ஒன்றும் செய்யாது" என்றார்கள். வலிப்புக்காரர் வேறு வழியில்லாமல் வாங்குவார் என்ற தைரியம். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். லாமோட்ரிஜின் தொடர்ந்து சில நாள் விட்டுப்போனால், கிடைத்ததும் பழைய அளவிலேயே தொடங்கக் கூடாது. தடிப்பு வரும் ஆபத்து திரும்பவும் முதலிலிருந்து. டொக்டரிடம் கேட்டு, தேவையானால் அடியிலிருந்து ஏற்ற வேண்டும். எப்போதும் இரண்டு கிழமைக் குளிசை கைவசம் மிச்சம் இருக்கும்படி கிளினிக் நாளைப் பிடியுங்கள்.

2024 ஜனவரி 21

தைப்பொங்கல் விடுமுறைக்கு வந்த பையன் ஒருவன், பேராதனையில் படிக்கிறானாம், சிவனொளிபாதமலை ஏறலாமா என்று கேட்டிருக்கிறான். லாமோட்ரிஜின், லெவெட்டிராசெட்டம். ஒரு வருடமாக வலிப்பு இல்லை. கூட்டாளிகள் இரவு பத்துக்கு நல்லதண்ணியில் தொடங்கி விடியலில் உச்சியில் நிற்பதாகத் திட்டம்.

கிளினிக்கில் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் போகலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் இரவில் வேண்டாம். தூக்கம் கெடுவது வலிப்பைக் கூப்பிடுவதற்குச் சமம், உன்னுடைய இரண்டு மருந்தும் சேர்ந்து அதைத் தடுக்கும் என்று நம்பி ஏறாதே. முந்தின இரவு நல்லதண்ணியில் படுத்து எழுந்து, காலைக் குளிசையைச் சாப்பாட்டோடு போட்டு, தலை தெளிவாக இருக்கிறது என்று பார்த்த பிறகு ஏறு. சூரிய உதயம் கிடைக்காது, அது கூட்டாளிகளுக்கு இருக்கட்டும். இறங்கும்போதுதான் கால் நடுங்கும், கம்பியைப் பிடித்துக்கொள். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், வாய்க்குள் எதையும் வைக்கக் கூடாது, கையில் சாவிக்கொத்துக் கொடுத்து நேரத்தை வீணாக்கக் கூடாது என்று கூட வருகிற ஒருவனுக்காவது இப்போதே சொல்லிவை.

இரவு வேளைக் குளிசையையும் கையோடு கொண்டு போ. அட்டன் பஸ்ஸில் இந்தக் காலத்தில் இடம் கிடைக்காது, திரும்பி வர நடுச்சாமம் ஆகலாம். சேர்ட் பையில் வைக்காதே, வியர்வையில் நனையும். போத்தலில் போட்டு மூடி, மடியில் வைத்திருக்கும் பையில் வை, பஸ் தட்டில் ஏற்றும் பையில் வேண்டாம்.